ஆற்றோடு போன பாதையும் ஆற்றைக் கடந்த பாதையும்

வகுப்பில் கேள்வி கேட்பது உபாத்தியாயர்களின் பிறப்புரிமை. ஆனால் அந்த உரிமையைச் செலுத்தப் போய், சில சமயம் நாமே பாடம் கற்றுக்கொண்டு திரும்பும்படி நேர்ந்துவிடுகிறது. சென்ற மாதம் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் நேர்ந்தது. அன்று அளவைகளைப் பற்றிய பாடம். "மீட்டர் என்றால் என்ன?" என்று கேட்டோம். "நூறு சென்டிமீட்டர்" என்று ஒரு பெண் சொன்னாள். "ஆயிரம் மில்லிமீட்டர்" என்று ஒரு பையன் சொன்னான். கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையன், கொரடாச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிறவன், மெதுவாக எழுந்து நின்று, "எங்க தாத்தா காலத்து ரயில் பாதையோட அகலம், ஸார்!" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரிக்கத்தான் தொடங்கினோம். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பையன் சொன்னது சரிதான் அல்லவா? தஞ்சாவூர்ச் சீமைக்கு மீட்டர் என்னும் அளவு முதன் முதலில் வந்து சேர்ந்தது ஜவுளிக் கடை வழியாக அல்ல, தண்டவாளத்தின் வழியாகத்தான். ஜவுளிக் கடைக்காரர்கள் கஜக்கோலைப் பரண்மேல் போட்டுவிட்டு மீட்டர் கோலைக் கையில் எடுத்தது, சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு. அதற்கு எண்பது வருஷங்களுக்கு முன்பே, 1875-ஆம் ஆண்டில், தஞ்சாவூர் - நாகப்பட்டினம் பாதை ஒரு மீட்டர் அகலமாகிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பழைய பூகோளப் படம் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தோம். "பரீட்சைத் தாள் திருத்தப் போகிறீர்களா, ரயில் விடப் போகிறீர்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். ரயில்தான் விட்டோம். அதன் பலனை இந்த வாரம் நேயர்கள் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

*

நம் ஜில்லாவுக்கு முதல் ரயில் மதராஸிலிருந்து வந்ததாகவே பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு. முதல் ரயில் கடற்கரையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் முதல் திரட்டிய கிரேட் ஸதர்ன் ஆப் இந்தியா ரயில்வே கம்பெனியார் 1861-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலும், மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளி வரையிலும் பாதையைத் திறந்தார்கள். மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர். இரு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்து அடி ஆறு அங்குலம். இதைத்தான் அகலப் பாதை என்கிறோம். பிறகு பாதை மேற்கே கரூர் வழியாக நீண்டு, 1868-ல் ஈரோட்டில் மதராஸ் ரயில்வேயுடன் கை கோத்தது. அந்தப் பாதையும் அதே அகலம். ஆகையால் நாகையில் ஏற்றிய மூட்டை, நடுவில் ஓர் இடத்திலும் இறங்காமல், மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை போகலாம் என்று ஏற்பட்டது.

கம்பெனி என்றால் லாப நஷ்டத்துக்குத் துணிந்து இறங்கியவர்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகளுக்கு ஒரு விசேஷ சலுகை இருந்தது. போட்ட முதலுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருமானம் நிச்சயம். வண்டி ஓட்டி அவ்வளவு கிடைக்காவிட்டால் குறைகிற பணத்தை இந்திய சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து கொடுத்துவிடுவார்கள். பொக்கிஷத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நிலவரி கட்டிய குடியானவனிடமிருந்து வந்தது. லண்டனில் பங்கு வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கலாம். கோவில்வெண்ணியில் நாற்று நட்டவனுக்குத்தான் அந்தச் செலவு.

பாதை எந்த வழியாகப் போகிறது என்பதையும் படத்தில் பாருங்கள். தஞ்சாவூர், சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். ஏறக்குறைய ஒரே நேராகக் கிழக்கே ஓடுகிறது. நம் டெல்டாவில் கிழக்கே ஓடுவது வேறு என்ன? ஆறுதான். வெண்ணாறும் வெட்டாறும் எந்தத் திசையில் போகின்றனவோ, அந்தத் திசையிலேயே ரயிலும் போயிற்று. ஆற்றின் போக்கும் கடலுக்கு. ரயிலின் போக்கும் கடலுக்கு. நெல் கப்பலேறி இலங்கைக்குப் போக வேண்டும். பின்னால் ஆட்களும் கப்பலேறி மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். அதற்கு ஏற்ற பாதை அது. கொள்ளிடத்தில் 1836-ல் மேலணையும் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு ரயிலைவிட நீர்வழிதான் மலிவு என்று வெகு நாள் வாதாடினார். அவருடைய வாதம் எடுபடவில்லை. ஆனாலும் முதல் ரயில் ஒரு நீர்வழியைப் போலத்தான் அமைந்தது.

*

இனி அகலத்தின் கதைக்கு வருவோம். 1869 முதல் 1872 வரை மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தார். சர்க்கார் கையில் பணம் இல்லை. ரயில் பாதையோ இன்னும் எத்தனையோ ஆயிரம் மைல் போட வேண்டியிருந்தது. பாதையைக் குறுக்கினால் பாலம் சிறிதாகும், எஞ்சின் சிறிதாகும், செலவும் சிறிதாகும் என்று கணக்குப் போட்டார்கள். மூன்று அடி மூன்று அங்குலம் என்று முதலில் பேச்சு. அச்சமயம் இந்தியா முழுவதும் மீட்டர், கிலோ முதலிய பிரெஞ்சுக்கார அளவுகளைக் கொண்டுவரப் போவதாக ஓர் ஏற்பாடும் நடந்து கொண்டிருந்தது. அப்படியானால் பாதையும் சரியாக ஒரு மீட்டராகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அளவுச் சட்டம் அப்புறம் ஏட்டோடு நின்றுவிட்டது. படியும் மரக்காலும் வீசையும் கஜமும் இன்னும் எத்தனையோ வருஷம் ஆட்சி செய்தன. மீட்டரில் மிச்சமானது தண்டவாளம் மட்டுமே! கல்யாணம் நின்று போன பிறகும் கொட்டகைக்காரர் பந்தலைப் பிரிக்காமல் விட்டுப் போனது போல் ஆயிற்று.

1874-ல் நம் கம்பெனி வேறொரு கம்பெனியுடன் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே என்று பெயர் பெற்றது. மதராஸிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் தூத்துக்குடி வரையில் புதிதாகப் போட்ட பாதை மீட்டர் பாதை. புதியதற்கு ஏற்றபடி பழையதும் மாற வேண்டும் என்று ஏற்பட்டது. 1875-ல் நாகப்பட்டினம் - திருச்சிராப்பள்ளி பாதையும், 1879-ல் ஈரோடு வரை உள்ள பாதையும் சுருக்கப்பட்டன. இரண்டு அடி இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தண்டவாளம் உள்ளே நகர்ந்தது. பதினான்கு வயதுப் பாதை, பாலகன் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டது.

இதன் விளைவு ஈரோட்டில் தெரிந்தது. மதராஸ் ரயில்வே அகலப் பாதையாகவே இருந்தபடியால், ஒரு வண்டியில் வந்த மூட்டைகளை அங்கே இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. இறக்குக் கூலி, ஏற்றுக் கூலி, சிந்தியது, சிதறியது, மழையில் நனைந்தது எல்லாம் சாமான்காரன் தலையில். ஏறக்குறைய ஐம்பது வருஷம் இது நடந்தது. பிறகு 1920-களின் கடைசியில் திருச்சி - ஈரோடு பாதையை மீண்டும் அகலமாக்கினார்கள். இறக்கி ஏற்றும் தொல்லை ஈரோட்டிலிருந்து திருச்சிக்கு மாறிற்று, ஒழியவில்லை.

தையற்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பெரிய சட்டையைப் பிடித்துத் தைப்பது அரை நாள் வேலை. பிடித்த சட்டையை மறுபடி பெரிதாக்குவதற்கோ, உள்ளே துணி வேண்டும். துணி இல்லையென்றால் புதிதாக வாங்கி ஒட்டுப் போட வேண்டும். ரயில் பாதையும் அப்படியே. அகலப் பாதைக்குப் போட்ட மண்மேடும் பாலமும் மீட்டர் பாதைக்குத் தாராளமாகப் போதும். மீட்டர் பாதைக்குக் கட்டிய மேடும் பாலமும் அகலப் பாதைக்குப் போதா. மண்ணடிக்க வேண்டும், பாலத்தைப் பலப்படுத்த வேண்டும், கட்டையை மாற்ற வேண்டும், வளைவை நிமிர்த்த வேண்டும், பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டும். சுருக்கியவர்கள் போய்விட்டார்கள், விரிக்கும் வேலை பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது.

*

இதுவரை சொன்னது கம்பெனியின் பாதை. நம் ஜில்லாவில் இன்னொரு பாதை உண்டு. அதைப் பற்றிப் பேசும்போதுதான் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டாகிறது.

1878-ஆம் ஆண்டு முதல் தஞ்சாவூர் ஜில்லாவில் நிலத்தின் மேல் ரயிலுக்கென்று ஒரு தனி வரி வசூலிக்கப்பட்டது. ரூபாய்க்கு மூன்று பை. பன்னிரண்டு பை ஓரணா. ஆகவே ரூபாய்க்குக் காலணா. லண்டன் பங்குதாரரும் இல்லை, நூற்றுக்கு ஐந்து உத்தரவாதமும் இல்லை. இந்தக் காலணாக்கள் வருஷக் கணக்கில் சேர்ந்து ஒரு ரயில் பாதை ஆயின. 1894-ல் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை திறக்கப்பட்டது. அடுத்த பத்து வருஷத்துக்குள் பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான்; பாதையின் சொந்தக்காரர் தஞ்சாவூர் ஜில்லா போர்டு. ஜில்லா போர்டுகள் ரயில் போட்ட கதையில் இந்தியாவிலேயே முன்னோடிகளில் ஒன்று நம் தஞ்சாவூர்.

இந்தப் பாதையையும் படத்தில் பாருங்கள். இது கிழக்கே போகவில்லை. வடக்கிலிருந்து தெற்கே போகிறது. இந்த வித்தியாசத்தை நாம் படம் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மையில் ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அகலப் பாதையாக மாறிய பிறகு 2019-ஆம் ஆண்டில் அந்த வழியே திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனோம். எதிரே முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஒவ்வொரு பாலத்தின் மேலும் வண்டி போகும்போது அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். "என்ன ஐயா எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"பாலத்தைத்தான், ஸார். சின்னப் பிள்ளையிலேருந்து வழக்கம். அந்த நாகூர் வண்டி இருக்கு பாருங்க, அது ஆத்தோட போற வண்டி. இது ஆத்தைத் தாண்டுற வண்டி. ஆத்தோட போறதுக்குப் படகு போதுமே, ஸார்? தாண்டுறதுக்குத்தானே பாலம் வேணும்?"

நாம் பட்டம் வாங்கியிருக்கிறோம். இருபது வருஷத்துக்கு மேல் பூகோளமும் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பெரியவர் இரண்டு வாக்கியத்தில் சொன்ன பூகோளத்தை ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நம் டெல்டாவில் அரசலாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு, ஓடம்போக்கியாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, முள்ளியாறு என்று விரல்களை விரித்தது போல் ஆறுகள் கிழக்கே ஓடுகின்றன. ஒரு கரையில் வயல், மறு கரையில் பள்ளிக்கூடம். ஒரு கரையில் பெண் வீடு, மறு கரையில் பிள்ளை வீடு. மழைக் காலத்தில் வெள்ளம் வந்தால் இக்கரைக்கு அக்கரை வெளிநாடுதான். ஊரார் காலணா கொடுத்துக் கேட்ட பாதை அந்த ஆறுகளைக் குறுக்கே தாண்டியது. கம்பெனி போட்ட பாதை சரக்கை வெளியே கொண்டு போயிற்று. போர்டு போட்ட பாதை அக்கரையையும் இக்கரையையும் சேர்த்தது. இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று சந்தித்த இடம் திருவாரூர். தேருக்குப் பெயர் போன அந்த ஊர், நாலு திக்கிலும் கை நீட்டிய ஜங்ஷனும் ஆயிற்று.

*

பிறகு மரம் கிளைவிட்டது. 1898-ல் பேரளத்திலிருந்து, அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்காலுக்கு ஒரு கிளை. 1915-ல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு. 1919-ல் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்கு. 1926-ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு. வேதாரண்யத்துக் கிளை அகஸ்தியம்பள்ளி உப்பளத்தைத் தொட்டுக்கொண்டு கோடிக்கரை வரை போயிற்று. 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து புறப்பட்டபோது ரயில் ஏறவில்லை, நடந்தே போனார்கள். ரயிலில் போயிருந்தால் ஒரு நாளில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். வழியிலுள்ள ஜனங்களைச் சந்தித்திருக்க மாட்டார்கள்.

மன்னார்குடிக் கிளையில் ஒரு வேடிக்கை உண்டு. அது நீடாமங்கலத்தில் வந்து சேரும்போது அதன் முகம் திருவாரூரைப் பார்த்து இருக்கிறது. அதாவது கிழக்கே, கடலைப் பார்த்து. தஞ்சாவூர் வழியாக மேற்கே போக வேண்டிய வண்டி அங்கே நின்று, எஞ்சினைக் கழற்றி மறு முனையில் மாட்டிக்கொண்டு, வந்த திசைக்கே முதுகைத் திருப்பிப் புறப்படுகிறது. வண்டிகள் நவீனமாகிவிட்டன, பாதையின் முகத்தை மட்டும் மாற்ற முடியவில்லை.

இதற்கிடையில், எந்தத் துறைமுகத்துக்காக முதல் பாதை போட்டார்களோ அந்த நாகப்பட்டினத்துக்கு இறங்குமுகம் தொடங்கிவிட்டது. கம்பெனியின் பெரிய தொழிற்சாலை நாகையில்தான் இருந்தது. அதை 1920-களின் கடைசியில் திருச்சிக்கு அருகேயுள்ள பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்தது. 1928-ல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளரின் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறை புகுந்தார்கள். ஒரு பட்டறையை இடம் மாற்றுவது வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போடுகிற காரியம். அந்தக் கோட்டின் மேல் எத்தனை அடுப்புகள் எரிந்து கொண்டிருந்தன என்பது வரைபடத்தில் தெரியாது.

*

மின்சாரத்தின் கதையும் இப்படியே. இதே தென்னிந்திய ரயில்வே 1931-லேயே மதராஸ் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி விட்டது. இந்தியாவில் மீட்டர் பாதையில் மின்சார வண்டி ஓடியது அதுவே முதல் தடவை. ஆனால் அந்த மின்சாரம் தாம்பரத்தோடு நின்றது. தஞ்சாவூர் ஜில்லாவில் கரி எஞ்சின்தான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழாதவர் நம் தாத்தா பாட்டிகளில் ஒருவரும் இருக்க முடியாது.

1944-ல் சர்க்கார் கம்பெனியிடமிருந்து ரயிலை எடுத்துக்கொண்டார்கள். 1951-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992-ல் வந்தது. அதன் பிறகு இருபதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் தஞ்சாவூர் வரையிலும், 2010-ஐ ஒட்டி நாகப்பட்டினம் வரையிலும் மீண்டும் அகலப் பாதை வந்தது. 1861-ல் எந்த அகலமோ அதே அகலம். அந்த இரண்டு அடி இரண்டரை அங்குலத்தைத் திரும்பப் பெறுவதற்கு நூற்று முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயின! 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூண் நட்டு, கம்பி இழுத்து, 25,000 வோல்ட் மின்சாரமும் பாய்ச்சிவிட்டார்கள். தாம்பரத்தில் நின்ற மின்சாரம் கீழ்வேளூருக்கு வந்து சேர ஏறக்குறைய தொண்ணூறு வருஷம்.

இப்போது அந்தப் பாதையில் போகும் சரக்கைப் பாருங்கள். 2009-ல் காரைக்காலில் புதிய துறைமுகம் வந்தது. 2011-ல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு ரயில் இணைப்பும் வந்தது. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி அந்த வழியாக மேற்கே போகிறது. கரி எஞ்சினை ஒழித்துவிட்டு மின்சார எஞ்சின் வைத்தோம். மின்சார எஞ்சின் கரியை இழுத்துக்கொண்டு போகிறது! தஞ்சாவூர், நீடாமங்கலம் முதலிய இடங்களில் ஒரு வண்டிக்குச் சுமார் 2,000 டன் வீதம் ஏறும் நெல்லும் அரிசியும், முன்போல் கடலுக்குப் போகாமல், வெளி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளுக்குப் போகின்றன. இது நல்ல மாறுதல், மறுக்கவில்லை. நம் நெல் நம் ஜனங்களுக்குப் போவதில் சந்தோஷமே.

ஆனால் ஆற்றைத் தாண்டும் பாதை என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் நேயர்களை இழுத்துக்கொண்டு வந்தோம்.

தரங்கம்பாடிக் கிளை 1986-ல் மூடப்பட்டது. பிறகு வண்டி வரவேயில்லை. பேரளம் - காரைக்கால் கிளையும் அதே பத்தாண்டில் மூடப்பட்டு, 2025-ல்தான் மறுபடி உயிர் பெற்றது. வேதாரண்யத்துக் கிளை 2004-ல் நின்று, அகஸ்தியம்பள்ளி வரை 2023-ல் திரும்பி வந்தது. காலணாப் பாதையின் தென்பாதி அடங்கிய திருவாரூர் - காரைக்குடி பாதை, சுமார் 150 கிலோமீட்டர், அகலமாக்குவதற்காக 2012-ல் மூடப்பட்டது. முழுவதும் திறந்தது 2019 ஜூன் மாதத்தில்.

ஏழு வருஷம் என்பது சர்க்கார் கோப்பில் ஒரு வரி. உபாத்தியாயர் கணக்கு வேறு. பாதை மூடிய வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வண்டி திரும்பி வருவதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டது. ஒரு தலைமுறை மாணவர்கள் ரயிலே பார்க்காமல் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார்கள். நம்முடன் வந்த பெரியவரிடம், "பேரப்பிள்ளைகள் இந்த வண்டியில் போகிறார்களா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "பேத்தி ஒண்ணு நல்லாப் படிச்சுது, ஸார். ரெண்டு பஸ் மாறிப் போகணும். பொழுது சாஞ்சுதான் வீடு வரும். பத்தாவதோட நிறுத்திட்டாங்க. இப்ப வண்டி வந்துடுச்சு, அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு வந்த பாலத்துக்கு அவர் விரலை மடக்கவில்லை.

திறந்த பிறகாவது வண்டி விரைந்து ஓடியதா என்றால், அதுவும் இல்லை. வழியில் பல கேட்டுகளுக்கு ஆள் இல்லை. ஆகையால் கேட்டைச் சாத்துகிறவர்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து போய் மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அந்த நாட்களில் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மூர்த்திகள் ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று போவது போல் இருந்தது. பிற்பாடு கேட்டுகளுக்கு ஆள் போட்டு அந்தக் குறையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோடு சரக்குப் போக்குவரத்து உள்ள பாதைக்கு அகலம் முன்னால் வந்தது. ஊரார் தங்கள் காலணாவைக் கொடுத்துப் போட்ட பாதையின் தென்பாதிக்கு அது ஒன்பது வருஷம் பின்னால் வந்தது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நாம் சொல்லவில்லை. சரக்குக்கு வருமானம் உண்டு. எட்டாம் வகுப்புப் பையனின் சீஸன் டிக்கெட்டுக்கு வருமானம் கிடையாது. கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வரும். ஆனால் 1878-ல் நம் முன்னோர்கள் வேறு கணக்குப் பார்த்தார்கள். ஆற்றோடு போகும் வண்டி ஒன்று கண்ணெதிரே ஓடிக் கொண்டிருந்தபோதே, ஆற்றைத் தாண்டும் வண்டி வேண்டும் என்று கேட்டுப் பதினாறு வருஷம் காலணா கொடுத்துக் காத்திருந்தார்கள்.

அவர்களைப் போல் நாமும் கேட்கலாம். பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு வண்டி வேண்டும். காலையில் போன குழந்தை விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப ஒரு வண்டி வேண்டும். மறுபடி எந்தப் பாதையையாவது வேலைக்காக மூடினால், திறக்கும் தேதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மூட வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் காலணாச் செலவுகூட ஆகாது.

*

மறு நாள் வகுப்புக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். தஞ்சாவூர்ச் சீமையின் படம் எழுதி, ஆறுகளை நீல மையாலும் ரயில் பாதைகளைக் கறுப்பு மையாலும் குறிக்க வேண்டும். கறுப்புக் கோடு நீலக் கோட்டைத் தாண்டும் இடங்களை எண்ணிச் சொல்ல வேண்டும்.

கொரடாச்சேரிப் பையன் முதலில் எழுந்தான். ஆனால் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. "ஸார், இந்தக் கோடுகளுக்கெல்லாம் நடுவிலே இருக்கிற ஊர்க்காரங்க எப்படிப் பள்ளிக்கூடம் வருவாங்க?" என்று கேட்டான்.

கேள்வி கேட்பது நம் பிறப்புரிமை என்று எண்ணிக் கொண்டிருந்தோம். அது நம்மிடமிருந்து கடைசி பெஞ்சிக்கு மாறிவிட்டது என்று தெரிந்துகொண்டு, மனம் நிறைந்து வீடு திரும்பினோம்.